ரெண்டு உருளைக்கு நடுவுல இரும்ப விடறதுக்கு எதுக்கு இன்னும் ரிசர்ச் ஃபண்ட்?

தம்பி கேட்டது இதுதான்: "கரும்பு ஜூஸ் மெஷின் மாதிரி ரெண்டு உருளைக்கு நடுவுல இரும்ப விட்டு தட்டையாக்கறதுதானே ரோலிங், காலகாலமா பண்ணிட்டுதானே இருக்காங்க, இதுக்கு ஏன் இன்னமும் கோடிக்கணக்குல ப்ராஜெக்ட் ஃபண்ட் போகுது? எனக்கு ரோலிங் ப்ராஜெக்ட்ல ஜேஆர்எஃப் (ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோ) ஆஃபர் வந்திருக்கு, மெக்கானிக்கல் முடிச்சிருக்கேன், இது முடிஞ்சுபோன சப்ஜெக்டா, சேரலாமா?"

நல்ல கேள்வி. நான் மில்லுலயும் இருந்திருக்கேன், லேப்லயும் இருந்திருக்கேன், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன், பொறுமையா படிங்க.

கரும்பு மெஷினுக்கும் ரோலிங் மில்லுக்கும் உருளைய தவிர ஒத்துமை எதுவும் இல்ல. கரும்ப விட்டா சக்கை தனியா சாறு தனியா வந்துடும், அங்க கதை முடிஞ்சுது. இரும்ப விட்டா வடிவம் மாறுறது வெளிய தெரியுற பாதி, மீதி பாதி உள்ள நடக்குது. அந்த இரும்பு எவ்வளவு பாரம் தாங்கும், குளிர்ல உடையுமா, வளைச்சா விரிசல் விடுமா, வெல்டிங் பண்ணலாமா, இதெல்லாம் பெரும்பாலும் அந்த உருளைகளுக்கு நடுவுலயும் அது முடிஞ்ச அடுத்த சில செகண்டுலயும்தான் முடிவாகுது. ஃபர்னஸ்ல கெமிஸ்ட்ரி சரியா போட்டுட்டா போதும், மீதி சும்மா வடிவம் குடுக்கறதுதான்னு நெறய பேர் நெனைக்கறாங்க, இஞ்சினியரிங் காலேஜ்லயும் பாதி அப்படித்தான் சொல்லிக்குடுக்கறாங்க, அது தப்பு. ஒரே கெமிஸ்ட்ரி இருக்கற ரெண்டு பில்லட்ட, அதாவது வார்த்தெடுத்த இரும்புக் கட்டைய, வேற வேற டெம்பரேச்சர்ல, வேற வேற பாஸ் ஷெட்யூல்ல (எத்தனை தடவ, ஒவ்வொரு தடவயும் எவ்வளவு நசுக்கறதுங்கற வரிசை) ஓட்டி வேற வேற வேகத்துல குளிர வெச்சா ரெண்டு வேற ஸ்டீல் கிடைக்கும். ரிசர்ச் காசு போறது அந்த பாதிக்குத்தான்.

எல்லாருக்கும் தெரிஞ்ச சாமான்ல இருந்து ஆரம்பிக்கலாம். வீடு கட்டுற டிஎம்டி கம்பி. பேர்லயே இருக்கு, தெர்மோ மெக்கானிக்கல் ட்ரீட்மெண்ட். அதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல முறுக்கு கம்பி, டார் கம்பின்னு சொல்லுவாங்க, பழைய மேஸ்திரிங்கள கேட்டா தெரியும், ரோல் பண்ணி ஆறின கம்பிய குளிர்ந்த நிலையில முறுக்கி ஸ்ட்ரெங்த் ஏத்துவாங்க. ஸ்ட்ரெங்த் வந்துச்சு, ஆனா இழுவை, அதாவது உடையாம நீளுற குணம், கொறஞ்சுது, முறுக்குன அழுத்தம் உள்ளயே தங்குனதால துருவும் சீக்கிரம் புடிச்சுது. 1970கள்ல பெல்ஜியத்துல லியேஜ்ங்கற ஊர்ல இருக்கற சிஆர்எம் ஆராய்ச்சி மையத்துல வேற ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, அதுக்கு பேரு டெம்ப்கோர். இந்த மையம் எந்த ஒரு கம்பெனியோட லேபும் கிடையாது, ஸ்டீல் கம்பெனிங்க சேந்து காசு போட்டு நடத்துன பொது ஆராய்ச்சி மையம், இத ஞாபகம் வெச்சுக்கோங்க, அப்புறம் இதுக்கு வருவேன்.

டெம்ப்கோர்ல நடக்கறது இதுதான். கம்பி கடைசி ஸ்டாண்ட (ரோல் ஜோடிய தாங்குற சட்டம்) விட்டு சுமாரா 1000 டிகிரி சூட்டுல வெளிய வருது. வந்த கையோட வாட்டர் பாக்ஸுக்குள்ள போகுது, அழுத்தமான தண்ணி நாலா பக்கமும் அடிக்குது, உள்ள இருக்கற நேரம் ஒரு செகண்டோ அதுக்கும் கம்மியோதான், கம்பியோட தடிமன பொறுத்தது. அந்த நேரத்துல மேல்தோல் மட்டும் சடார்னு குளுந்து மார்டன்சைட்டா மாறிடும், ரொம்ப கெட்டியானது ஆனா அப்படியே விட்டா நொறுங்குற குணம். நடுப்பகுதி இன்னும் செவக்கச் செவக்க ஆஸ்டினைட்டாவே, அதாவது சூட்டுல இரும்பு இருக்கற அமைப்பாவே, இருக்கும். வாட்டர் பாக்ஸ விட்டு வெளிய வந்ததும் உள்ள இருக்கற சூடு வெளிய பரவி அந்த தோல திரும்ப 600 டிகிரி வாக்குல சூடாக்கும், தனியா ஃபர்னஸ் எதுவும் வேண்டாம், கம்பி தன் சூட்டுலயே தன்னை டெம்பர் பண்ணிக்குது, நொறுங்குற குணம் போயிடுது. அப்புறம் கூலிங் பெட்ல மெதுவா ஆறும்போது நடுப்பகுதி ஃபெரைட், பியர்லைட்டா மாறுது, அது மெத்துனு இழுவை குடுக்கும். வெளிய கெட்டி, உள்ள இழுவை. கார்பன ஏத்தாம, வெல நெறய இருக்கற அலாய் எதுவும் போடாம, தண்ணியையும் நேரத்தையும் வெச்சு மட்டும் ஸ்ட்ரெங்த் வாங்கிட்டாங்க. நான் படிச்ச மெட்டலர்ஜியிலயே இவ்வளவு அழகான ஐடியா ரொம்ப கம்மி.

இப்போ இது ஐம்பது வருஷ பழைய டெக்னாலஜி, இதுல என்ன ரிசர்ச்னு கேப்பீங்க. நீங்களே ஒண்ணு செஞ்சு பாருங்க. ஒரு டிஎம்டி கம்பிய குறுக்க வெட்டி, வெட்டுன முகத்த எமரி பேப்பர்ல நல்லா தேய்ச்சு, காலேஜ் லேப்ல இருக்கற நைட்டால் கொஞ்சம் தடவுங்க, நைட்டால்னா ஆல்கஹால்ல கொஞ்சமா நைட்ரிக் ஆசிட் கலந்தது, லேப் அசிஸ்டெண்ட் இல்லாம தனியா பண்ணாதீங்க. கொஞ்ச நேரத்துல வெளி ஓரத்துல கருப்பா ஒரு வளையம் தெரியும், நடுவுல வெளிறிப்போன சாம்பல் கலர்ல வட்டம் இருக்கும். அந்த கருப்பு வளையம்தான் டெம்பர்ட் மார்டன்சைட். வளையம் சுத்தி முழுசா, ஒரே தடிமன்ல இருந்தா நல்ல கம்பி. ஆனா சில கம்பியில ஒரு பக்கம் தடிமனா மறுபக்கம் நூல் மாதிரி இருக்கும், சிலதுல பிறை மாதிரி பாதி சுத்துதான் இருக்கும், சிலதுல துண்டு துண்டா இருக்கும். ஐஐடி மெட்ராஸ் சிவில் டிபார்ட்மெண்ட்ல இதப்பத்தியே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, மார்க்கெட்ல கிடைக்கற கம்பிகள்ல இப்படி வளையம் சரியில்லாதது இருக்குன்னு காட்டி, வளையத்த பாத்து கம்பிய ஏத்துக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்றதுக்கு ஒரு எளிமையான டெஸ்டையும் முன்வெச்சாங்க. வளையம் அரைகுறையா இருந்தா வளைக்கும்போது விரிசல் வரலாம், துருவும் ஒரு பக்கமா ஆரம்பிக்கும். கவனிங்க, இந்த கம்பி இழுத்துப் பாக்கற டெஸ்ட்ல பாஸ் ஆயிடும், ஸ்ட்ரெங்த் 500 மெகா பாஸ்கல்ன்னு (ஸ்ட்ரெங்த் அளக்கற அலகு) சர்டிஃபிகேட்டும் வந்துடும், ஏன்னா இழுத்துப் பாக்கற டெஸ்ட் மொத்த குறுக்குவெட்டோட சராசரியத்தான் சொல்லும், வளையம் எந்தப் பக்கம் இல்லங்கறத சொல்லாது.

ஏன் அப்படி ஆகுது? வாட்டர் பாக்ஸ் நாசில் ஒண்ணு அடைச்சிருக்கலாம், தண்ணி அழுத்தம் கொறஞ்சிருக்கலாம், கம்பி பைப்புக்கு நடுவுல போகாம ஒரு ஓரமா உரசிட்டு போயிருக்கலாம், மேல ஸ்கேல், அதாவது சூட்டுல உண்டாகுற ஆக்சைடு படலம், திட்டு திட்டா ஒட்டியிருந்து அந்த எடத்துல தண்ணியோட குளிர்ச்சி உள்ள போகாம இருந்திருக்கலாம். செகண்டுக்கு பத்து மீட்டருக்கு மேல ஓடுற செவப்பு கம்பியில, ஒரு செகண்டுக்குள்ள, தண்ணி ஆவியாகி ஒரு படலமா சுத்திக்கிட்டு நிக்குற நெலமையில வெப்பம் எப்படி போகுதுங்கறது லேசான கணக்கு இல்ல, மெக்கானிக்கல்ல ஹீட் டிரான்ஸ்ஃபர் படிச்ச ஆளுக்குத்தான் அதோட கஷ்டம் புரியும். நீங்க மெக்கானிக்கல்ங்கறது இங்க உங்களுக்கு ப்ளஸ்தான்.

சரி, இப்போ உருளைக்கு நடுவுல என்ன நடக்குதுன்னு பாப்போம். ஒரு ஹாட் ஸ்ட்ரிப் மில்லோட, அதாவது சூட்டுல தகடு ஓட்டுற மில்லோட, கடைசி ஸ்டாண்ட எடுத்துக்கோங்க. ரோலோட ஆரம் 350 மிமீ, உள்ள போற தகடு 2.5 மிமீ, வெளிய வரது 2 மிமீ. ரோல் தகட்ட தொடுற நீளம் எவ்வளவு? ஆரத்தையும் கொறைக்கற தடிமனையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா சுமார் 13 மிமீ. தகடு செகண்டுக்கு 10 மீட்டர் ஓடுதுன்னா அந்த 13 மிமீய கடக்கறதுக்கு ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு, கூட கொஞ்சம், அவ்வளவுதான். அந்த நேரத்துல அஞ்சுல ஒரு பங்கு தடிமன் போயிடுது, ஸ்ட்ரெயின் ரேட், அதாவது வடிவம் மாறுற வேகம், செகண்டுக்கு 200 வாக்குல வருது. ரெண்டு ஸ்டாண்டுக்கு நடுவுல அஞ்சாறு மீட்டர் தூரம்னா அரை செகண்ட் வாக்குல கிடைக்கும், அந்த அரை செகண்டுல நசுங்கின கிரெய்ன், அதாவது ஸ்டீலுக்குள்ள இருக்கற பொடிப் படிகம், திரும்ப புதுசா உருவாகுமா, பாதி உருவாகுமா, உருவாகவே உருவாகாதாங்கறதுதான் கடைசி ஸ்டீலோட தலையெழுத்து.

இந்த கடிக்குள்ள, அதாவது ரோல் தகட்ட கவ்வுற எடத்துக்குள்ள, யாராலயும் எட்டிப் பாக்க முடியாது, கேமரா போகாது, சென்சார் வெச்சா நசுங்கிடும். 1930கள்ல ஜெர்மனியில சீபெல், லூக்னு ரெண்டு பேர் ரோலுக்குள்ளயே சின்ன பின் பொதிச்சு, தகடு அழுத்தற அழுத்தத்த அந்த பின் மூலமா அளந்தாங்க. நுழையற எடத்துலயும் வெளிய வர எடத்துலயும் கொறைவா, நடுவுல எங்கயோ ஒரு எடத்துல உச்சமா இருந்துச்சு. அந்த உச்சத்துக்கு முன்னாடி தகடு ரோல விட மெதுவா போகுது, பின்னாடி ரோல விட வேகமா போகுது, உரசல் ரெண்டு பக்கமும் எதிரெதிரா திரும்புது. 1925லயே கார்மன் இதுக்கு ஒரு டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் எழுதி வெச்சுட்டாரு, ஏரோடைனமிக்ஸ்ல படிச்சிருப்பீங்களே அதே கார்மன்தான். 1943ல ஒரோவன் அத இன்னும் ஆழமா கொண்டுபோனாரு, டிஸ்லொகேஷன் தியரிய 1934ல முன்வெச்ச மூணு பேர்ல அவரும் ஒருத்தர், கிரிஸ்டலுக்குள்ள அணு வரிசை எப்படி நழுவுதுன்னு யோசிச்ச அதே மனுஷன் போர் நேரத்துல ரோல் பிரஷர் கணக்கு போட்டாரு. அப்புறம் 1948ல பிளாண்ட், ஃபோர்டு ரெண்டு பேரும் கோல்ட் ரோலிங்குக்கும், 1954ல சிம்ஸ் ஹாட் ரோலிங்குக்கும் மில்லுல உபயோகிக்கற மாதிரி சுருக்கமான ஃபார்முலா குடுத்தாங்க. இன்னிக்கும் மில் கம்ப்யூட்டர்ங்கள்ல சிம்ஸோட வழிவந்த கணக்குங்க ஓடிட்டிருக்கு.

இந்த சிம்ஸ் வேலை பாத்த எடம் பிஸ்ராங்கற பிரிட்டிஷ் இரும்பு ஸ்டீல் ஆராய்ச்சி சங்கம். 1944ல ஆரம்பிச்சது, கம்பெனிங்க காசும் அரசாங்க காசும் சேந்து நடந்தது. அங்க கண்டுபிடிச்ச ஒண்ண சொல்லியே ஆகணும். தகட்டோட தடிமன ரோல் நடுவுல நேரா அளக்க முடியாது, வெளிய வந்து கொஞ்ச தூரம் போன பிறகுதான் எக்ஸ்ரே கேஜ் வெச்சு அளக்கலாம், அதுக்குள்ள தப்பு தடிமன்ல பல மீட்டர் ஓடிப்போயிடும். இவங்க என்ன பண்ணாங்கன்னா மில் ஸ்டாண்டையே அளவுகோலாக்கிட்டாங்க. எவ்வளவு பெரிய இரும்பு ஸ்டாண்டா இருந்தாலும் பாரம் ஏறுனா அது கொஞ்சம் விரியும். 1500 டன் ஃபோர்ஸ் வருது, ஸ்டாண்டோட விறைப்பு மிமீக்கு 500 டன்னு வெச்சுக்கோங்க, ஸ்டாண்ட் 3 மிமீ விரிஞ்சிருக்குன்னு அர்த்தம். 2 மிமீ தகடு ஓட்டுற எடத்துல மில்லே 3 மிமீ விரியுதுன்னா பாத்துக்கோங்க. அப்போ ரோல் இடைவெளி எவ்வளவு வெச்சோமோ அதோட இந்த விரிவ கூட்டுனா இந்த நொடியில வெளிய வர தடிமன் கிடைச்சுடும், ஃபோர்ஸ மட்டும் லோட் செல்ல (பாரம் அளக்கற சென்சார்) பாத்துட்டே இருந்தா போதும். கேஜ்மீட்டர்னு பேரு, 1950களோட ஆரம்பத்துல வந்தது, உலகத்துல இன்னிக்கு ஓடுற ஆட்டோமேடிக் தடிமன் கண்ட்ரோல் பெரும்பாலானதுக்கு அடிப்படை இதுதான். இத கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் எல்லா மில்லுக்கும் இருந்துச்சு, ஆனா தனியா காசு போட எந்த மில்லும் முன்வரல, பொதுக்காசுல நடந்ததாலதான் நடந்துச்சுன்னு நான் உறுதியா நம்பறேன்.

மெட்டீரியல் பக்கம் வருவோம். 1943 ஜனவரி 16ஆம் தேதி ராத்திரி, அமெரிக்காவுல போர்ட்லேண்ட் துறையில புதுசா கட்டுன ஸ்கெனெக்டடிங்கற எண்ணெய் கப்பல் அமைதியான தண்ணியில கரையில கட்டி வெச்சிருக்கும்போதே டெக்ல இருந்து கிட்டத்தட்ட அடிவரைக்கும் ரெண்டா பிளந்துடுச்சு. புயல் இல்ல, குண்டு இல்ல. போர்க்காலத்துல வெல்டிங் பண்ணி அவசரமா கட்டுன நெறய கப்பல்ல இந்த மாதிரி விரிசல் வந்துச்சு. குளிர்ல சாதாரண ஸ்டீல் கண்ணாடி மாதிரி உடையும்ங்கறது அப்பதான் எல்லாருக்கும் உறைச்சுது. அந்த பயத்துல இருந்துதான் போருக்குப் பிறகு இந்த துறைக்கு பெரிய அளவுல காசு வர ஆரம்பிச்சுது.

1951ல ஹால், 1953ல பெட்ச், ரெண்டு பேரும் தனித்தனியா ஒரே விஷயத்துக்கு வந்தாங்க: கிரெய்ன் சின்னதா ஆக ஆக ஸ்டீல் ஸ்ட்ராங் ஆகும், கிரெய்ன் அளவோட வர்க்கமூலத்துக்கு தலைகீழா. கணக்கு போட்டு பாத்தா, ஃபெரைட் கிரெய்ன 20 மைக்ரான்ல இருந்து 5 மைக்ரானுக்கு கொண்டுவந்தா ஈல்ட் ஸ்ட்ரெங்த் (நிரந்தரமா வடிவம் மாற ஆரம்பிக்கற அளவு) 120 மெகா பாஸ்கல் வாக்குல ஏறும். சாதாரண மைல்ட் ஸ்டீலோட ஸ்ட்ரெங்த்தே 250தான், அப்போ கிட்டத்தட்ட பாதி அளவு கூடுது. அதவிட முக்கியம், மத்த எந்த வழியில ஸ்ட்ரெங்த் ஏத்துனாலும், கார்பன் போட்டு ஏத்துனாலும் சரி, முறுக்கி ஏத்துனாலும் சரி, டஃப்னெஸ், அதாவது விரிசல் பரவாம தாங்குற குணம், கொறையும், கிரெய்ன சின்னதாக்குனா மட்டும் ரெண்டும் சேந்து ஏறும், குளிர்ல உடையற டெம்பரேச்சரும் கீழ போகும்.

சரி, கிரெய்ன எப்படி சின்னதாக்கறது? ரோலிங்லதான். ஆனா சூட்டுல நசுக்குனா கிரெய்ன் திரும்ப புதுசா உருவாகி வளந்துடும், பண்ண வேலையெல்லாம் வீணா போகும். இங்கதான் நையோபியம்ங்கற உலோகம் வருது. 1958ல அமெரிக்காவுல கிரேட் லேக்ஸ் ஸ்டீல் கம்பெனி நையோபியம் போட்ட ஸ்டீல மார்க்கெட்டுக்கு கொண்டுவந்தது. போடறது எவ்வளவு? நூத்துக்கு 0.02ல இருந்து 0.05 பங்கு, ஒரு டன்னுக்கு 200ல இருந்து 500 கிராம். அது சூட்டுல கரைஞ்சிருந்து, ரோல் பண்ணும்போது பொடிப்பொடியா கார்போநைட்ரைடா படிஞ்சு கிரெய்ன் எல்லைகள புடிச்சு வெச்சுக்குது, 950 டிகிரி வாக்குக்கு கீழ ரோல் பண்ணா ஆஸ்டினைட் புதுசா உருவாக முடியாம தோசை மாதிரி தட்டையா நீண்டுகிட்டே போகும், அப்புறம் குளிரும்போது அந்த தட்டையான கிரெய்ன் எல்லைகள்ல எல்லாம் பொடி ஃபெரைட் முளைக்கும். இதத்தான் கண்ட்ரோல்டு ரோலிங்னு சொல்றாங்க. அலாஸ்கா எண்ணெய்க்குழாய்க்கு, 48 அங்குல விட்டம், 800 மைல் நீளம், 1969ல ஜப்பான் மில்லுங்களுக்குத்தான் ஆர்டர் போச்சு. 1980ல என்கேகே கம்பெனி ஃபுகுயாமா பிளேட் மில்லுல ரோலிங் முடிஞ்ச உடனே தண்ணி அடிச்சு கணக்கா குளிர வைக்கற அமைப்ப வெச்சுது, அதுக்கப்புறம் கப்பல் தகடு, பாலத் தகடு எல்லாமே மாறிப்போச்சு.

இதுக்கு நடுவுல யூனிவர்சிட்டிங்க பண்ண வேலை பெருசா வெளிய தெரியாது. ஷெஃபீல்டுல செல்லர்ஸ், வைட்மன் 1979ல ஒரு பேப்பர் போட்டாங்க, ஒவ்வொரு பாஸுக்கும் இடையில எவ்வளவு ரீகிரிஸ்டலைசேஷன் (கிரெய்ன் புதுசா உருவாகறது) ஆகும், கிரெய்ன் எவ்வளவு வளரும்னு ஈக்வேஷனா எழுதுனது, இன்னிக்கும் நீங்க மாடல் எழுத உக்காந்தா முதல்ல அதத்தான் கையில எடுப்பீங்க. கனடாவுல மெக்கில் யூனிவர்சிட்டியில ஜோனஸ் குரூப் கம்பிய சூட்டுல முறுக்கி முறுக்கியே ரோலிங் பாஸுங்கள லேப்ல நடிச்சுக் காட்டுனாங்க. ஏன் மில்லுல நேரா பண்ணல? ஒரு பெரிய ஹாட் ஸ்ட்ரிப் மில் மணிக்கு 400, 500 டன் ஓட்டும். அத நிறுத்தி "கொஞ்சம் டெம்பரேச்சர கொறைச்சு ட்ரை பண்ணலாமா சார்"னு கேட்டா ஷிஃப்ட் இன்சார்ஜ் விடமாட்டாரு, தகடு நடுவுல சுருண்டு காபிள் ஆச்சுன்னா கேஸ் கட்டிங் வெச்சு வெட்டி எடுத்து திரும்ப ஓட்ட எவ்வளவு நேரம் ஆகும்னு அவருக்குத்தான் தெரியும். அதனால லேப்ல சின்ன மில், 10 மிமீ விட்டம் 15 மிமீ உயரம் இருக்கற குட்டி சிலிண்டர கரெண்ட் பாய்ச்சி சூடாக்கி நசுக்கற கிளீபிள் மெஷின், கிரெய்னோட திசைய காட்டுற ஈபிஎஸ்டி மைக்ரோஸ்கோப், இதெல்லாம் வேணும். ப்ராஜெக்ட்ல கோடிக்கணக்குல காசு எங்க போகுதுன்னு கேட்டீங்கல்ல, பெரும்பங்கு இங்கதான் போகுது, மீதி ஆள் சம்பளம், ஸ்டீல் உருக்கறது, சாம்பிள் வெட்டறது.

தோத்த ஆராய்ச்சியும் சொல்லணும், அதுலதான் பாடம் ஜாஸ்தி. 1997ல ஜப்பான் அரசாங்கம் சுகுபாவுல இருக்கற அவங்க மெட்டீரியல் ஆய்வகத்துல ஒரு பெரிய ப்ராஜெக்ட் ஆரம்பிச்சுது, ஸ்டீலோட ஸ்ட்ரெங்த் ரெண்டு மடங்கு, ஆயுள் ரெண்டு மடங்குங்கறதுதான் லட்சியம், 2005 வரைக்கும் ஓடுச்சு. கிரெய்ன ஒரு மைக்ரானுக்கு கொண்டுபோனா 400 மெகா பாஸ்கல் ஸ்டீல 800 ஆக்கலாம், அலாயே வேண்டாம், ரீசைக்கிள் பண்ணவும் சுலபம். அதே காலத்துல ஒசாகா யூனிவர்சிட்டியில தகட்ட பாதியா நசுக்கி, வெட்டி, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, திரும்ப நசுக்கி ஒட்ட வெச்சு, இப்படியே திரும்ப திரும்ப பண்ற ரோல் பாண்டிங் முறையையும் கண்டுபிடிச்சாங்க, தடிமன் மாறாது ஆனா உள்ள ஏறுற ஸ்ட்ரெயின் கூடிகிட்டே போகும். கிரெய்ன் நெஜமாவே ஒரு மைக்ரானுக்கு கீழ வந்துச்சு, ஸ்ட்ரெங்த்தும் வந்துச்சு. ஆனா கிரெய்ன் அவ்வளவு சின்னதானதும் ஸ்டீலுக்கு இழுக்க இழுக்க கெட்டியாகுற குணம் போயிடுச்சு, ஈல்ட் ஆன உடனே ஒரே எடத்துல மெலிஞ்சு அறுந்துடுது. நிலநடுக்கத்துல கட்டடம் தாங்கணும்னா ஈல்டுக்கும் அறுபடறதுக்கும் நடுவுல இடைவெளி வேணும், அதனாலதான் கம்பிக்கான நம்ம இந்தியத் தரம் ஐஎஸ் 1786லயே எஃப்இ 500 கம்பிக்கு 12 சதவீத நீட்சின்னா 500டி கம்பிக்கு 16 சதவீதம் கேக்கறாங்க. வெல்டிங் பண்ணா அந்த சூட்டுல கிரெய்ன் வளந்து போட்ட உழைப்பெல்லாம் போயிடும், அது வேற. அந்த ஒரு மைக்ரான் ஸ்டீல் நேரா மார்க்கெட்டுக்கு வரல. ஆனா கிரெய்ன எதுவரைக்கும் சின்னதாக்கலாம், எங்க நிறுத்தணும்ங்கற எல்லைக்கோடு அந்த காசுலதான் தெளிவாச்சு, அதுக்காக நான் அத வீண்செலவுன்னு சொல்லமாட்டேன்.

நம்ம நாட்டுக்கு வந்தா, ஐஎன்எஸ் விக்ராந்த். போர்க்கப்பல் கட்டற ஸ்டீல் வெளிய இருந்து கிடைக்கறது சிக்கலானப்போ ஹைதராபாத்ல இருக்கற பாதுகாப்புத்துறையோட உலோக ஆய்வகம் டிஎம்ஆர்எல்லும் அரசு ஸ்டீல் கம்பெனி செயிலும் சேந்து டிஎம்ஆர் 249ஏங்கற தகட்ட உருவாக்குனாங்க, ஈல்ட் ஸ்ட்ரெங்த் கொறஞ்சது 390 மெகா பாஸ்கல், மைனஸ் 60 டிகிரியிலயும் டஃப்னெஸ் இருக்கணும். கெமிஸ்ட்ரி, ரோலிங், ஹீட் ட்ரீட்மெண்ட், வெல்டிங், எல்லாத்தையும் சேத்து முடிக்க வேண்டிய வேலை. விக்ராந்துக்கு செயில் குடுத்தது சுமார் 30,000 டன், கப்பல் 2022 செப்டம்பர் 2ஆம் தேதி கொச்சியில கடற்படையில சேந்துச்சு. அந்த ஒரு கப்பலுக்காக மட்டும் ஒரு கம்பெனி தன் சொந்தக் காசுல இத பண்ணியிருக்குமா? வாய்ப்பே இல்ல, 30,000 டன்ங்கறது பெரிய மில்லுக்கு சில நாள் வேலை, லாபக் கணக்கு போட்டா ஒத்துவராது.

பொதுக்காசு ஏன் வேணும்ங்கறதுக்கு என்னோட பதில் இதுலயே இருக்கு. ரோலிங்ல கண்டுபிடிக்கற விஷயம் பூட்டி வைக்க முடியாத விஷயம், ஒரு மில்லுல ஒண்ணு நல்லா வேலை செஞ்சா சில வருஷத்துல எல்லா மில்லுக்கும் பரவிடும், அதுவரைக்கும் ஆகுற செலவ ஒருத்தர் தலையில கட்டுனா யாரும் ஆரம்பிக்கவே மாட்டாங்க. ஐரோப்பாவுல இத நல்லா புரிஞ்சு வெச்சிருக்காங்க, நிலக்கரி ஸ்டீல் சமூக ஒப்பந்தம் 2002ல முடிஞ்சப்போ, கம்பெனிங்ககிட்ட வரியா வாங்கி சேந்திருந்த சொத்த கலைக்காம ஒரு ஆராய்ச்சி நிதியா மாத்தி, அந்த நிதியில இருந்து இன்னிக்கும் ப்ராஜெக்ட் குடுக்கறாங்க. நம்ம ஊர்ல ஸ்டீல் மினிஸ்ட்ரி, டிஎஸ்டி (அறிவியல் தொழில்நுட்பத் துறை), 2023 சட்டத்துல வந்த ஏஎன்ஆர்எஃப் (தேசிய ஆராய்ச்சி நிதி அமைப்பு)னு வழிங்க இருக்கு, ஆனா என் அபிப்பிராயம், மூணு வருஷ ப்ராஜெக்ட்ங்கற கணக்கு இந்த துறைக்கு பொருந்தல. மெஷின் வாங்க டெண்டர் விட்டு வந்து நிறுவறதுக்குள்ள முதல் வருஷம் போயிடுது.

இனி என்ன பாக்கி இருக்குன்னா, நெறய இருக்கு. கார்பன் கொறைக்கணும்னு உலகமே இரும்புத்தாதுல இருந்து ஸ்கிராப்புக்கு மாறிட்டிருக்கு. ஸ்கிராப்புல மோட்டார் காயில், வயர்ல இருந்து தாமிரம் வந்துடும், ஸ்டீல்ல கலந்த தாமிரத்த திரும்ப பிரிக்க நடைமுறையில வழியே இல்ல. ரீஹீட்டிங் ஃபர்னஸ்ல இரும்பு மட்டும் ஸ்கேலா போகும், தாமிரம் போகாம அந்த ஸ்கேலுக்கு அடியில சேந்துகிட்டே வந்து, 1085 டிகிரிக்கு மேல உருகி கிரெய்ன் எல்லையில எறங்கி, ரோல் கடிக்குள்ள போனதும் மேல்பரப்பு வெடிப்பு வெடிப்பா வரும். நம்ம ஊர் ரீ-ரோலிங் மில்லுங்க நெறய, மின்சாரத்துல ஸ்கிராப்ப உருக்கற இண்டக்‌ஷன் ஃபர்னஸ் பில்லட்டுலதான் ஓடுது, அந்த ஃபர்னஸ்ல பாஸ்பரஸ், சல்ஃபர எடுக்கறதும் கஷ்டம், உள்ள போட்டதுதான் வெளிய வரும். இந்த அசுத்தத்தோடயே எந்த டெம்பரேச்சர்ல, எவ்வளவு ரிடக்‌ஷன் குடுத்தா வெடிப்பு வராம நல்ல கம்பி எடுக்கலாம்ங்கற கேள்விக்கு பதில் யாராவது கண்டுபிடிச்சா அது இங்க இருக்கற நூத்துக்கணக்கான சின்ன மில்லுக்கு நேரா போய் சேரும். டிரான்ஸ்ஃபார்மர் ஸ்டீல் இன்னொண்ணு, 3 சதவீத சிலிக்கான், 1934ல காஸ்ங்கற அமெரிக்கர் பேட்டண்ட் வாங்குனது, ரெண்டு தடவ கோல்ட் ரோல் பண்ணி நடுவுல அனீல் பண்ணா (சூடாக்கி ஆற வெச்சா) கிரெய்ன் எல்லாம் ஒரே திசைய பாத்து நிக்கும், ரோல் பண்ண திசையில காந்தம் சுலபமா பாயும். அத இன்னிக்கும் பெரும்பாலும் இறக்குமதிதான் பண்றோம். பெரும்பாலான தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்குள்ள இருக்கற தகடு அது.

ஆக, சப்ஜெக்ட் சாகல. சேரலாமாங்கறதுக்கு வரேன். ஜேஆர்எஃப் இப்போ மாசம் 37,000 ரூபா, கூட எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி), நெட் அல்லது கேட் தேர்வு முடிச்சிருந்தா. அத விட முக்கியமா கைடுகிட்ட சில விஷயம் கேட்டுக்கோங்க, கூச்சப்படாதீங்க. ப்ராஜெக்ட்ல மில் பார்ட்னர் யாராவது இருக்காங்களா, அவங்க நெஜமான ரோல் ஃபோர்ஸ், டெம்பரேச்சர் லாக் குடுப்பாங்களா இல்ல பேருக்கு லெட்டர் மட்டும் குடுத்திருக்காங்களா? லேப் மில் ஓடுதா, கடைசியா எப்போ ஓடுச்சு? கிளீபிள் டைம் உங்களுக்கு மாசத்துக்கு எத்தனை நாள் கிடைக்கும், வெளி டிபார்ட்மெண்ட்டோட பங்கு போடணுமா? உருக்கி வார்க்கற ஸ்டீல் எங்க இருந்து வரும், அதுக்கு பட்ஜெட்ல தனி தலைப்பு இருக்கா? உராய்வு எண்ண அளந்து எடுக்கப் போறாங்களா, இல்ல ஃபோர்ஸ் பொருந்தற மாதிரி பின்னாடி இருந்து கணக்கு பண்ணி போடப் போறாங்களா? கடைசி கேள்விக்கு அவர் எப்படி பதில் சொல்றாருங்கறத நல்லா கவனிங்க, ஃபைனைட் எலிமெண்ட் சாஃப்ட்வேர்ல கலர் படம் வாங்கறது மட்டும்தான் வேலைன்னா மூணு வருஷத்துல உங்களுக்கு கிடைக்கறது கம்மி. மில்லுக்கு போற வேலை இருந்தா, உடனே சேருங்க. சேர்றதுக்கு முன்னாடி டீட்டர் எழுதின 'மெக்கானிக்கல் மெட்டலர்ஜி' புத்தகத்துல ரோலிங் சாப்டர ஒரு தடவ பேப்பர் பேனாவோட உக்காந்து போட்டு பாருங்க, நான் மேல சொன்ன 13 மிமீ கணக்கு, ஸ்டாண்ட் விரிவு கணக்கு ரெண்டையும் உங்க கையால ஒரு தடவ போடுங்க, சந்தேகம் வந்தா இங்கயே கேளுங்க, சொல்றேன்.